15,000 ரூபாய்க்குள் வீட்டுக்கு ஸ்பீக்கர் செட்: புதிதாக வாங்குபவர்களுக்கு

டிவி மெலிய மெலிய அதன் குரலும் மெலிந்துவிட்டது. 43 அங்குலத் திரை சுவரோடு ஒட்டி அழகாக நிற்கிறது, ஆனால் உள்ளே ஸ்பீக்கருக்கு இடம் இல்லை. இருக்கிற சின்ன ஸ்பீக்கரும் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ பேசுகிறது. சண்டைக் காட்சி வந்தால் வால்யூமைக் குறைக்கிறோம், வசனம் வந்தால் ஏற்றுகிறோம். "பேசாம ஒரு ஹோம் தியேட்டர் வாங்கிடலாமா" என்ற பேச்சு பெரும்பாலான வீடுகளில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பட்ஜெட் 10,000 ரூபாய், ரொம்ப இழுத்தால் 15,000.

இந்தப் பணத்துக்கு நல்ல சத்தம் கிடைக்கும். ஆனால் கடையில் முதலில் எடுத்து நீட்டுகிற பெட்டியில் அது இருப்பது அபூர்வம். இந்த விலையில் எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, 3 வருடம் கழித்து இது மக்கர் செய்தால் நம்ம ஏரியா மெக்கானிக்கால் இதைத் திறந்து சரிசெய்ய முடியுமா என்பதுதான். முடியும் என்றால் மேற்கொண்டு பேசலாம். முடியாது என்றால் அதில் எத்தனை விளக்கு மினுக்கினாலும் எனக்கு வேண்டாம். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கேள்வியை ஒட்டித்தான் போகும்.

முதலில் அறையை அளந்துகொள்ளுங்கள்

கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்து ஹாலின் நீள அகலத்தையும், டிவிக்கும் நீங்கள் உட்காரும் சோஃபாவுக்கும் உள்ள தூரத்தையும் அளந்து போனில் குறித்து வையுங்கள். அபார்ட்மென்ட் ஹால் என்றால் இந்தத் தூரம் பெரும்பாலும் 8 முதல் 10 அடிக்குள்தான் இருக்கும். இந்த ஒரு அளவு கையில் இருந்தால் பாதி விற்பனைப் பேச்சு உங்களிடம் எடுபடாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஸ்பீக்கரின் விவரத் தாளில் 'சென்சிட்டிவிட்டி 86 டெசிபல்' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்த ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று கேட்டால் 86 டெசிபல் சத்தம் வரும் என்று அர்த்தம். 10 அடி தூரத்தில் அது ஒரு 9, 10 டெசிபல் போல குறையும். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடுவதால் 3 டெசிபல் திரும்பக் கூடும். ஆக, தலா 1 வாட்டிலேயே உங்கள் சோஃபாவில் 80 டெசிபல் போல வந்துவிடுகிறது. சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 டெசிபல் அளவுதான். வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே, 10 மடங்கானால் 10 டெசிபல். எனவே சேனலுக்கு, அதாவது ஒவ்வொரு பக்க ஸ்பீக்கருக்கும், நேர்மையான 20 வாட் இருந்தால் 92 டெசிபலைத் தாண்டும். பக்கத்து ஃப்ளாட்காரர் காலிங் பெல் அடிக்க அதுவே போதும்.

அடுத்தது, இந்த செட் எதற்கு என்பது. டிவி சீரியல், செய்தி, வாரம் ஒரு படம் என்றால் ஒரு வழி. பாட்டு, கச்சேரி கேட்பதுதான் முக்கியம் என்றால் வேறு வழி. இரண்டும் வேண்டும் என்பவர்கள் பாட்டுக்கு நல்லதாக வாங்குங்கள். பாட்டை ஒழுங்காகப் பாடுகிற ஸ்பீக்கர் வசனத்தையும் தெளிவாகச் சொல்லிவிடும். வெடிச்சத்தத்துக்கென்றே வாங்கிய செட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

பெட்டி மேல் எழுதியிருக்கும் வாட்

'10,000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த பி.எம்.பி.ஓ.வுக்கு எந்தப் பொது அளவுகோலும் கிடையாது. தயாரிப்பவர் மனதுக்குத் தோன்றிய எண் அது. கல்யாணப் பந்தியில் ஒருவர் ஒரே மூச்சில் விழுங்கிய லட்டை எண்ணி, அதுதான் அவருடைய அன்றாடச் சாப்பாடு என்று சொல்வது போல. நமக்கு வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. ஆம்ப்ளிஃபயர் கம்பெனிகளின் இந்த வாட் கதை உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் இதைக் கட்டுப்படுத்த 1974-லேயே தனி விதி கொண்டுவர வேண்டியிருந்தது.

இப்போது சிலர் ஆர்.எம்.எஸ். என்று போட்டும் கதை விடுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. செட்டின் பின்னால் இருக்கும் ஸ்டிக்கரையோ, கூட வரும் அடாப்டரையோ திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஐ 3-ஆல் பெருக்குங்கள்: 36 வாட். உள்ளே போவதே 36 வாட் என்றால் வெளியே 120 வாட் தொடர்ந்து வர வழியே இல்லை. டிஜிட்டல் ஆம்ப் என்று கடைகளில் சொல்லும் கிளாஸ் டி வகை, உள்ளே போவதில் 85, 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்குத் தரும். பழைய வகை கிளாஸ் ஏபி என்றால் முழு வால்யூமிலேயே பாதிக்குக் கொஞ்சம் மேலேதான், மீதி ஹீட் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டில்) சூடாகப் போய்விடும். கடையில் நின்றபடியே 2 நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு இது.

நேர்மையாக எழுதினால் எண் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம், எடிஃபையர் ஆர்1280டி. உலகம் முழுக்க ஆரம்பநிலை ஆட்களுக்குப் பரிந்துரைக்கப்படும் ஜோடி ஸ்பீக்கர். அதன் மொத்த ஆர்.எம்.எஸ். சக்தி 42 வாட், பக்கத்துக்கு 21. கீழ் சத்தத்துக்கு 4 அங்குல வூஃபர், கீச்சுச் சத்தத்துக்குச் சின்ன ட்வீட்டர், அவ்வளவுதான். பக்கத்திலேயே '500 வாட்' என்று எழுதிய பெட்டி பாதி விலையில் இருக்கும். இரண்டையும் ஓடவிட்டுக் கேட்டால் 42 எதற்கு, 500 எதற்கு என்று நமக்கே விளங்கிவிடும்.

எந்த வகை வாங்குவது

சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர்), ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஜோடி ஸ்பீக்கர், தனி ஆம்ப் தனி ஸ்பீக்கர், 5.1 செட் (அறையைச் சுற்றி 5 ஸ்பீக்கர், பாஸுக்கு ஒரு சப்வூஃபர்) என்று 4 வழிகள் இருக்கின்றன.

முதலில் 5.1-ஐ ஒதுக்கிவிடலாம். 15,000 ரூபாயை 6 ஸ்பீக்கருக்கும் ஒரு ஆம்புக்கும் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மிஞ்சும் என்று யோசியுங்கள். சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவும், எல்லாவற்றையும் மூடி மறைக்கிற ஒரு பெரிய சப்வூஃபரும்தான் கிடைக்கும். பின்னால் வைக்க வேண்டிய இரண்டு ஸ்பீக்கருக்கு வயர் இழுக்க இடம் இல்லாமல், கடைசியில் அதையும் டிவி மேசையிலேயே அடுக்கி வைத்திருக்கிற வீடுகள் எத்தனையோ. அதைவிடப் பெரிய சிக்கல், இந்த ரெடிமேட் செட்டுகள் பலவற்றில் வயர் முனையில் கம்பெனியின் தனி பிளக் இருக்கும், ஓம் அளவும் (ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்பு) 3, 6 என்று ஏதோ ஒன்றாக இருக்கும். ஒரு ஸ்பீக்கர் போனால் வெளியில் மாற்று வாங்க முடியாது.

சவுண்ட்பார் வயர் குறைவு, பார்க்க அழகு, ஒரே ரிமோட். வயதான பெற்றோருக்கு, அவர்கள் செய்தியும் சீரியலும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்கு, நான் இதற்கு எதிரி இல்லை. ஆனால் உள்ளே போர்டு போனால் சர்வீஸ் சென்டரில் முழு போர்டையும் மாற்றச் சொல்வார்கள், உதிரிப் பாகம் நிறுத்திவிட்டார்கள் என்றால் மொத்தமும் குப்பை. ஆகவே சவுண்ட்பார் வாங்குவதென்றால் உங்கள் ஊரிலேயே சர்வீஸ் சென்டர் உள்ள கம்பெனியாகப் பாருங்கள். வாரண்டி எத்தனை வருடம் என்பதோடு, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்றும் கேளுங்கள்.

ஆம்ப் உள்ளே இருக்கும் ஜோடி ஸ்பீக்கர் நடுத்தர வழி. மேலே சொன்ன எடிஃபையர் இந்த வகை. டிவிக்கு இருபுறமும் வைத்து ஒரு வயரைச் சொருகினால் வேலை முடிந்தது. ஆம்ப் போனாலும் ஸ்பீக்கரும் மரப்பெட்டியும் மிஞ்சும், வெளி ஆம்ப் போட்டு ஓட்டிக்கொள்ளலாம். புதிதாக வாங்குபவர் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தனி ஆம்ப், தனி ஸ்பீக்கர் என்பது கொஞ்சம் மெனக்கெடத் தயாரானவர்களுக்கு. இதில் பணத்தைப் பிரிக்கும்போது ஸ்பீக்கருக்குத் தாராளமாக ஒதுக்குங்கள். 15,000 என்றால் ஸ்பீக்கருக்கு 9,000, ஆம்புக்கு 5,000, மீதி வயருக்கும் சில்லறைக்கும் என்பது என் கணக்கு. இன்றைக்கு மலிவான ஆம்ப் கூட சுமாராக நன்றாகவே வேலை செய்கிறது. மலிவான ஸ்பீக்கர் அப்படி இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 சிப் போட்ட உள்ளங்கை அளவு ஆம்புகள் எங்கும் கிடைக்கின்றன. 21 வோல்ட் கொடுத்தால் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனலுக்கு 50 வாட் என்று அந்தச் சிப்பின் தாளிலேயே இருக்கிறது. ஆனால் அது 10 சதவீதம் சத்தம் உடைகிற நிலையில் அளந்தது. உடையாமல் கேட்க 30 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் அறைக்கு அதுவே மிச்சம்.

இந்த வகை ஆம்பில் ஒரு எச்சரிக்கை. இடது, வலது ஸ்பீக்கர்களின் மைனஸ் வயர்களை ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள். பழைய ஆம்புகளில் அப்படிச் செய்து பழகிய கைகள் இதிலும் செய்து சிப்பை எரித்துவிடுகின்றன. இதில் மைனஸ் என்பதிலும் சிக்னல் ஓடுகிறது, அது எர்த் கிடையாது. அதேபோல் '4 ஓமுக்குக் குறையக் கூடாது' என்று எழுதிய ஆம்பில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை ஒரே முனையில் சேர்த்துப் போட்டால் 2 ஓம் ஆகிவிடும், சூடேறி நிற்கும்.

உள்ளூர் அசெம்பிள் செட்

சென்னை ரிச்சி தெருவிலும், பல ஊர்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் அசெம்பிள் ஆம்ப் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். இவர்களை மட்டமாக நினைக்காதீர்கள். நாம் தேடும் 'திறந்து சரிசெய்யலாம்' என்ற குணம் இதில்தான் முழுமையாக இருக்கிறது. எல்லா பாகமும் அதே தெருவில் கிடைக்கும், செய்தவரே ரிப்பேரும் பார்ப்பார். ஆனால் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும். நல்ல ஆள் தயங்காமல் காட்டுவார்.

உள்ளே சத்தத்தைப் பெருக்கும் ஐசி (சிப்) என்ன என்று பாருங்கள். நம் ஊரில் ஒரு தலைமுறையே 4440 ஐசியில் பாட்டுக் கேட்டு வளர்ந்தது. ஆனால் சான்யோவின் அந்த எல்ஏ4440, கார் ஸ்டீரியோவுக்கு வந்த சிப். இரண்டு சேனலாக ஓட்டினால் தலா 6 வாட், இரண்டையும் இணைத்து ஒரே சேனலாக ஓட்டினால் 19 வாட். 4440 போட்டுவிட்டு '100 வாட் ஆம்ப்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். ஒரு சின்ன அறைக்கு, 6 வாட் என்று தெரிந்தே வாங்கினால் அது பரவாயில்லாத ஆம்ப்தான்.

டிரான்ஸ்ஃபார்மரைக் கையால் தூக்கிப் பாருங்கள், கனமாக இருக்க வேண்டும். 12-0-12, 5 ஆம்பியர் என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு உள்ளே 2 ஆம்பியர் சரக்கை வைப்பது நடக்கிற கதை. வாங்கும்போது பாதி வால்யூமில் அரைமணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் ஆம்பியரில் கை வைத்திருக்கிறார்கள். ஃபில்டர் கெபாசிட்டரின் (கரண்டைச் சீராக்கும் உருளை) மேல் 105 டிகிரி என்று அச்சிட்டிருந்தால் நல்லது, 85 டிகிரி போட்டது நம் வெயிலுக்குச் சீக்கிரம் உப்பும். கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும். லேசாக மேடு தட்டியிருந்தாலும் அது பழைய சரக்கு. ஹீட் சிங்க் ஐசியோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறதா, நடுவில் வெள்ளைப் பேஸ்ட் தடவியிருக்கிறதா என்று பாருங்கள். இரும்புப் பெட்டி என்றால் 3 பின் பிளக்கும், எர்த் வயர் பெட்டியோடு இணைக்கப்பட்டிருப்பதும் கட்டாயம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே வேண்டாம்.

ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு ஒன்றைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அதிகச் செலவில்லை. ஆம்ப் ஐசி ஷார்ட் ஆனால் அதிலிருந்து வரும் டிசி கரண்ட் வூஃபர் காயிலை (உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை) எரித்துவிடும், இந்த போர்டு அதற்கு முன்பே ரிலேயைத் துண்டித்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால்

குறைந்த பணத்தில் நிஜமாகவே நல்ல ஸ்பீக்கர் வேண்டும் என்றால் பழையதில் தேடலாம். கொல்கத்தாவின் சோனோடைன் போன்ற நம் நாட்டுக் கம்பெனிகளின் பழைய ஸ்பீக்கர்கள், வெளிநாட்டுக் கம்பெனி புக்‌ஷெல்ஃப் ஜோடிகள் எல்லாம் அவ்வப்போது விற்பனைக்கு வரும். கையில் ஒரு மல்டிமீட்டரும், ஒரு பென்டார்ச் பேட்டரியும் எடுத்துப் போங்கள்.

முன் வலையைக் கழற்றி வூஃபரின் ஓரத்தைப் பாருங்கள். கோனை (நடுவில் அதிரும் கூம்பை) சுற்றியுள்ள வளையம் ஃபோம் என்றால் விரல் நுனியால் மெதுவாகத் தொடுங்கள். பிசுபிசுப்பாகவோ பொடியாகவோ உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. நம் ஈரக் காற்றில் ஃபோம் நீண்ட நாள் தாங்காது, ரப்பர் தாங்கும். ஃபோம் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பிறகு விரல்களை விரித்து, கோனின் எல்லாப் பக்கமும் சமமாகப் படும்படி வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். சர் சர் என்று உரசும் சத்தம் வந்தால் காயில் இடிக்கிறது. அதை வாங்க வேண்டாம்.

மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஸ்பீக்கர் முனைகளைத் தொடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் என்றால் 3-க்கும் 4-க்கும் நடுவில். எழுதியிருப்பதைவிடக் குறைவாகக் காட்டுவது இயல்புதான், பயப்பட வேண்டாம். எதுவுமே காட்டவில்லை என்றால் வயர் அறுந்திருக்கும் அல்லது காயில் போயிருக்கும். பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும் மைனஸ்ஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டால் கோன் வெளியே துள்ள வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் துள்ளுகிறதா என்று பாருங்கள். ஒன்று உள்ளே போனால் யாரோ ரிப்பேரில் வயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

ஆம்ப் என்றால் ஸ்பீக்கர் எதையும் மாட்டாமல் ஆன் செய்து, ஒரு சேனலின் இரண்டு முனைகளுக்கும் நடுவே டிசி மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். 50-க்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் அதில் உங்கள் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது. வால்யூம் திருகை மெதுவாகத் திருகும்போது கரகரப்பு வந்தால் அது பெரிய விஷயமில்லை, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அதைச் சொல்லி விலை குறைக்கலாம்!

கடையில் கேட்டுப் பார்ப்பது

கடைக்காரர் வைத்திருக்கும் டெமோ வீடியோவை விட்டுவிடுங்கள். அது எல்லா ஸ்பீக்கரையும் நன்றாகக் காட்டுவதற்கென்றே எடுத்தது. உங்களுக்கு வரிவரியாக மனப்பாடமான சில பாட்டுகளை நல்ல தரத்தில் போனில் டவுன்லோடு செய்து எடுத்துப் போங்கள். பாஸ் பூஸ்ட், சரவுண்ட், ராக், ஜாஸ் என்று இருக்கும் எல்லா பட்டனையும் அணைத்துவிட்டு, டோன் திருகுகளை நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு மனிதக் குரலைக் கேளுங்கள், இசை குறைவாக உள்ளது எதுவாக இருந்தாலும் சரி. பெண் செய்தி வாசிப்பாளர் குரல் கூட நல்ல சோதனைதான். 'ச', 'ஸ' எழுத்துகள் காதைக் குத்தக் கூடாது. குரல் பானைக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கக் கூடாது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, ஸ்பீக்கரே இல்லாத இடத்திலிருந்து குரல் வர வேண்டும்.

அப்புறம் மிருதங்கம். இதைவிடக் கறாரான பரீட்சை எனக்குத் தெரியாது. வலந்தலையில் (வலது பக்கத் தோலில்) விழும் அடி கணீரென்று கேட்டு, அந்த நாதம் கொஞ்ச நேரம் நின்று தேய வேண்டும். தொப்பியின் (இடது பக்கத் தோலின்) கும்கி என்ற நாதம் கீழிருந்து மேலே வழுக்கி ஏறுவது தெரிய வேண்டும். மட்டமான செட்டில் வலந்தலை தகரத்தைத் தட்டியது போலாகும், தொப்பி எல்லா அடிக்கும் ஒரே 'தொம்' என்று சொல்லும். வேகமான தனி ஆவர்த்தனத்தில் அடிகள் தனித்தனியாகக் கேட்கிறதா, ஒன்றோடொன்று குழைந்துவிடுகிறதா என்று கவனியுங்கள். கர்நாடக சங்கீதத்தில் ஆர்வமில்லை என்றால் பறையோ தவிலோ உள்ள பதிவு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாடலை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பது போலவே காதுக்குத் தோன்றும். விற்க நினைக்கும் சரக்கை ஒரு படி ஏற்றி வைத்துத் தலையில் கட்டுவது பழைய வித்தை. போனில் இலவச டெசிபல் ஆப் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அது துல்லியமாக இருக்காது, ஒப்பிடுவதற்குப் போதும். கடைசியாக, வால்யூமை மிகக் குறைவாக வைத்து ஒரு தரம் கேளுங்கள். வீட்டில் ராத்திரி 10 மணிக்கு மேல் நாம் கேட்கப்போவது அந்த அளவில்தான்.

டிவியோடு இணைப்பது

டிவியின் பின்புறம் எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றில் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும். டிவியின் சத்தத்தை அதே கேபிள் வழியாக வெளியே அனுப்ப, 2009-ல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4-இல் சேர்த்த வசதி இது. சவுண்ட்பாரை அந்தத் துளையில் மாட்டினால் டிவி ரிமோட்டிலேயே வால்யூம் வேலை செய்யும். வேறு துளையில் மாட்டிவிட்டு "சத்தமே வரலை" என்று சர்வீஸுக்குப் போன் போடுபவர்கள் நிறைய.

ஆப்டிகல் கேபிளில் இணைத்தும் சத்தம் வரவில்லை, அல்லது கர்ரென்று இரைச்சல் மட்டும் வருகிறது என்றால், டிவியின் ஒலி அமைப்புகளில் டிஜிட்டல் அவுட்புட்டை 'பி.சி.எம்.' என்று மாற்றுங்கள். டிவி டால்பி வடிவத்தில் அனுப்புவதை மலிவான கன்வெர்ட்டர் பெட்டிகளால் பிரிக்க முடியாது. முக்கால்வாசி நேரம் பிரச்சினை இதுதான்.

ப்ளூடூத் பாட்டுக்குப் போதும். படத்துக்கு வேண்டாம், உதடு அசைந்து முடிந்த பிறகு வசனம் வரும். டிவியில் ஹெட்போன் ஜாக் இருந்தால் அதிலிருந்து ஒரு சாதாரண ஆக்ஸ் வயர் இழுப்பதே மேல்.

வீட்டில் வைக்கும் இடம்

ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும், ஸ்பீக்கரிலிருந்து உங்களுக்குள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நல்லது. சுவர் மூலையில் தள்ளினால் பாஸ் கூடும், ஆனால் கொழகொழவென்று ஆகிவிடும். அரை அடியாவது முன்னால் இழுத்து வையுங்கள். ஷோகேஸுக்குள் பொம்மைகளோடு அடைத்து வைப்பதற்கு நல்ல ஸ்பீக்கர் வாங்கத் தேவையே இல்லை.

நம் வீடுகளுக்கே உரிய பிரச்சினை எதிரொலி. டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கண்ணாடி ஜன்னல். ஹால் நடுவில் நின்று ஒரு தரம் கைதட்டுங்கள். கிணுகிணுவென்று வால் பிடித்துக்கொண்டு கேட்டால், இன்னும் 5,000 ரூபாய் கூடப் போட்டு ஸ்பீக்கர் வாங்கினாலும் வசனம் தெளியாது. ஸ்பீக்கருக்கும் சோஃபாவுக்கும் நடுவே ஒரு கனமான ஜமக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, பின்சுவரில் புத்தக அலமாரி. இதைச் செய்துவிட்டு மறுபடியும் கேளுங்கள். பணத்துக்கு இவ்வளவு பலன் தருகிற வேலை இந்தக் கட்டுரையில் வேறு எதுவும் இல்லை.

ஸ்பீக்கர் வயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும், வீட்டு வயரிங்குக்குப் போடுகிறோமே, அதே சரக்கு. 5 மீட்டர் இழுத்தாலும் போகவர சேர்த்து 0.12 ஓம்தான் வரும், 8 ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வயரைத் திரும்பியும் பார்க்க வேண்டாம். ஆனால் ரொம்ப மலிவான ஸ்பீக்கர் வயரின் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளை தெரிந்தால் உள்ளே அலுமினியம். மாட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மாறிப்போனால் எதுவும் எரியாது, ஆனால் பாஸ் காணாமல் போய், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பரவும்.

ம்ம்ம் என்ற ஹம் கேட்டால் முதலில் வீட்டின் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். கேபிள் டிவி வயரைக் கழற்றியதும் ஹம் நின்றால் அந்த வழியாகத்தான் வருகிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உர்ரென்று கேட்டால் உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், அந்த நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்பை ஓட்டாமல் இருப்பது நல்லது. ஆம்பின் மேலே துணி விரித்துப் பூ ஜாடி வைக்காதீர்கள், காற்றுத் துளை அடைபடும். அதே துளை வழியாகப் பல்லி உள்ளே போய் போர்டில் ஷார்ட் ஆவதும் நம் ஊரில் சகஜம், மெல்லிய வலை ஒன்றை ஒட்டிவிடலாம். கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் முனைகளில் பச்சை பூக்கும், அவ்வப்போது கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

பில்

ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள், 'பில் வேண்டாம்னா 500 குறைச்சுக்கறேன்' என்றாலும் சரி. பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். அசெம்பிள் செட் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் ஆம்பியர், ஐசி எண், எத்தனை மாதம் சர்வீஸ் என்பதை அதே பில்லின் பின்னால் எழுதி, கடை முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். வாரண்டியில் மறுக்கிறார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம், பில் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

வாங்கி வந்த முதல் வாரம் தினமும் ஓட்டுங்கள். ஒரு நாள் முழுக்க வைத்துப் பாருங்கள், ஒரு ராத்திரி ஆன் செய்தபடியே விடுங்கள், ரிமோட், ப்ளூடூத், ஆப்டிகல் என்று இருக்கிற எல்லா வழியையும் ஒரு தடவையாவது பயன்படுத்துங்கள். தயாரிப்பிலேயே உள்ள குறை இருந்தால் பெரும்பாலும் இந்த நாட்களிலேயே வெளியே வந்துவிடும். அதுவரை அட்டைப்பெட்டியும் தெர்மகோலும் பரணில் இருக்கட்டும். பெட்டி இல்லாமல் போனால் மாற்றித் தரமாட்டேன் என்று சொல்லும் கடைகள் உண்டு.